முடிவு மட்டும் போதுமா?

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம் மன்றம் ஆக்கிய சொற்கள் அச்சேறித் தமிழ்மக்கள் கைகளில் உலவுகின்றன. ஆயின் கடந்த கிழமை மாணவனொருவன் என்பால் வந்து, "ஐயா, இதனினும் எளிய சொல் ஒன்று இருந்ததே, அதனை ஏன் தள்ளினீர்கள்?" என வினவினான். யான் விடையிறுக்க இயலாது நின்றேன். அச்சொல்லின்மேல் மூன்று திங்கள் இணையவழிச் சொற்போரிட்டோம். வேர் காட்டினோரும் மறுத்தோரும் சினந்தோரும் இருந்தனர். (சினந்தோருள் யானும் ஒருவன்.) அவ்வுரையாடல்களுக்குக் கட்டணமின்றி இடந்தந்த நிறுவனம் தன் கடையை மூடிவிட்டது. முன்னறிவிப்பும் வந்தது. படியெடுக்கும் பொறுப்பை நாம்தாம் எவரிடமும் ஒப்படைக்கவில்லை! முடிவு எஞ்சிற்று, முடிவுக்கு வந்த வழி அழிந்தது. கரணியம் அறியாத சொல்லை நாளைய தலைமுறை கைவிடின், அதன்மேற் பழிசொல்ல நமக்கு என்ன உரிமை?

இணையத்தை ஆக்கியோர் இதில் நம்மினும் விழிப்பாயிருந்தனர். 1969 ஏப்பிரல் 7ஆம் நாள், இலாசு ஏஞ்சலசுப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இசுட்டீவு கிராக்கர், கணினிகளை இணைக்கும் முறைபற்றி முதற் குறிப்பை வெளியிட்டார். 'கருத்துரை வேண்டல்' என்பதே அவ்வரிசைக்குப் பெயர். முற்றாத எண்ணமாயினும் எழுதிவைக்கலாம் என்பது அவர்கள் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்ட நெறி. சான் போசுட்டல் என்பார் 1998இல் மறையுமட்டும் அவற்றைப் பதிப்பித்துக் காத்தார். ஒவ்வொரு குறிப்பிற்கும் ஓர் எண் உண்டு. வெளியிட்டபின் அதில் ஓரெழுத்தும் மாற்றுவதில்லை. கருத்து மாறின் புதிய எண்ணிற் புதிய குறிப்பு வரும், பழையது பழையபடியே கிடக்கும். இன்று அவ்வெண் ஒன்பதாயிரத்தைக் கடந்துவிட்டது. தாளில் மட்டுமே இருந்த தொடக்கக் குறிப்புகளைப் பின்னாளில் தொண்டர்கள் தட்டச்சிட்டுக் கணினியில் ஏற்றினர். பின்னர்ப் பல பத்தாண்டுகள் அவை, எந்தக் கணினியும் படிக்கவல்ல வெற்றெழுத்துக் கோப்புகளாகவே பெரும்பாலும் வெளிவந்தன. இதனை நன்கு எண்ணுக.

ஏனெனில் நமக்கு இன்னொரு துன்பமும் உண்டு. பழைய உரையாடல்கள் சில என் வட்டில் உள்ளன. திறந்தாலோ உரோமன் எழுத்துக் குப்பையாய்த் தெரிகின்றன! ஆளுக்கோர் எழுத்துருவில் அடித்த காலத்தவை அவை. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியீடுகள் வந்தன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்துக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாவிடில், கோப்பு இருந்தும் இல்லாததே. பழைய எழுத்துருக்களை அறிந்தோர் நம்மிடை உள்ளபோதே இதனை முடித்தாக வேண்டும்.

சங்க நூல்கள் நம்மை அடைந்தது ஓலையின் வலிமையாலன்று, வழிவழியாய்ப் படியெடுத்தோர் கைகளால். வட்டோ ஓலையினும் நொய்யது. ஆதலின் ஆண்டுதோறும் தைத்திங்களில் அனைத்தையும் புதிதாய்ப் படியெடுத்து, மூன்று ஊர்களில் மூவர் இல்லங்களில் வைப்போம். எழுதியவர் பெயரும் நாளும் உடனிருத்தல் வேண்டும். தள்ளிய சொற்களும் தள்ளிய கரணியமும் கட்டாயம் வேண்டும். சினந்து எழுதியவற்றை என் செய்வது என்பீர்கள். கருத்தைத் தொட்டவை இருக்கட்டும், என்னுடையவை உட்பட. குடும்பச் செய்தி, முகவரி போல்வனவற்றை நீக்குக. நீக்கிய இடத்தில் நீக்கியமையைக் குறித்திடுக.

இப்பணிக்கு இருவரை இக்கூட்டத்திலேயே தெரிவு செய்யுமாறு வேண்டுகின்றேன். என்னிடமுள்ள வட்டுகளை இன்று கையோடு கொணர்ந்துள்ளேன்.