சூரியனுக்கு ஆணையிட முடியுமா?

(செங்காங்கில் நடைபெற்ற தொழிலாளர் கல்விக் கூட்டத்தில், ஜொகூர்த் தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேசிப் பழகிய நம் மேடையில் இன்று வான சாஸ்திரம் பேசும்படி எனக்குக் கட்டளை. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் சூரியனைப் பற்றிய விஞ்ஞானத்துக்கும் நடந்த பழைய வழக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாருடைய பக்தியையும் புண்படுத்த நான் வரவில்லை. ஓப்பிர் சாலையில் 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டி முடிக்கப்பட்ட லூர்து மாதா கோயிலில் நம் உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாக மெழுகுவர்த்தி ஏற்றி வந்திருக்கிறார்கள். அந்த மெழுகுவர்த்தியோடு எனக்கு வழக்கில்லை. "பார்க்காதே, கேட்காதே" என்று சொல்கிற அதிகாரத்தோடுதான் வழக்கு.

இன்று வானளாவிய அடுக்கு வீடுகள் நிற்கும் இந்தச் செங்காங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. பால் வெட்டுகிறவர்களுக்குச் சூரியனைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவேதான் இருட்டிலேயே தலைவிளக்கோடு மரத்துக்குப் போகிறோம். "சூரியன் எழுந்தது, சூரியன் ஏறியது, சூரியன் சாய்ந்தது" என்று பேசுகிறோம். கண் அப்படித்தான் காட்டுகிறது.

ஆனால் கண் காட்டுவதெல்லாம் உண்மையா? செங்காங் ரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பாருங்கள். அடுக்கு வீடுகள் பின்னால் ஓடுகின்றன. வீடா ஓடுகிறது? இதே கருத்தைப் படகை உதாரணமாக வைத்து 499-ம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதினார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கி ஓடுவதுபோல், சுழலும் பூமியில் இருக்கும் நமக்கு நட்சத்திரங்கள் மேற்கே ஓடுவதாகத் தோன்றுகிறது என்றார். பூமி சுழல்கிறது என்றாரே தவிர, அது சூரியனைச் சுற்றுகிறது என்று அவர் சொல்லவில்லை. சுழல்கிறது என்றதற்கே நம் நாட்டுப் பண்டிதர்களிடம் மறுப்பு எழுந்தது. ஆகவே புதிய கருத்தைக் கண்டு மிரண்டது ஐரோப்பா மட்டும்தான் என்று நாம் மார்தட்ட வேண்டாம்.

ரோமாபுரியில் நடந்தது

1543-ல் கோப்பர்நிக்கஸ் என்பவரின் நூல் வெளிவந்தது. பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றி வருகிறது என்பது அதன் சாரம். எழுதியவர் நாத்திகர் அல்ல, திருச்சபையிலேயே பதவி வகித்தவர். நூலை அன்றைய பாப்பரசர் மூன்றாம் பவுலுக்கே காணிக்கையாக்கியிருந்தார். அறுபது எழுபது ஆண்டுகள் ரோமாபுரி அதன்மீது கை வைக்கவில்லை.

1610-ல் இத்தாலியரான கலிலியோ தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழன் கிரகத்தை நான்கு சந்திரன்கள் சுற்றி வருவதைக் கண்டார். எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற பழைய பாடத்தில் அன்றே ஓட்டை விழுந்தது. பிறகு வெள்ளியைப் பார்த்தார். நம் நிலாவைப் போல அதுவும் வளர்ந்து தேய்ந்தது. வெள்ளி சூரியனைச் சுற்றினால்தான் அந்த வளர்பிறையும் தேய்பிறையும் முழுமையாகத் தெரியும்.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? வேதாகமத்தில் யோசுவா சூரியனை நிற்கச் சொன்னதாக இருக்கிறது. ஓடுகிற சூரியனைத்தானே நிற்கச் சொல்ல முடியும் என்று வாதித்தார்கள். அந்த நாளில் பெரும் செல்வாக்கோடு இருந்தவர் கர்தினால் பெல்லார்மின். பூமி ஓடுகிறது என்பதற்கு மெய்யான நிரூபணம் வந்தால் வேதவாக்கியத்துக்குப் பொருள் கொள்வதில் நாம் மிகுந்த நிதானம் காட்ட வேண்டும், ஆனால் அப்படி ஒரு நிரூபணத்தை நான் காணவில்லை என்ற கருத்தை 1615-ல் அவர் கடிதமாக எழுதினார்.

தோழர்களே, நியாயமாகப் பேசுவோம். அன்றைக்கு நிரூபணம் முழுமையாக இல்லை என்பது மெய்தான். கிரகங்கள் சூரியனைச் சுற்றுகின்றன, ஆனால் சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று டைக்கோ பிராகி என்ற வானியலார் சொல்லியிருந்த நடுவழியும் கலிலியோ கண்ட காட்சிகளுக்குப் பொருந்தியது. கடலில் ஏற்ற இறக்கம் உண்டாவதே பூமி ஓடுவதற்குச் சாட்சி என்று கலிலியோ சொன்ன வாதமும் தவறானது.

அப்படியானால் திருச்சபையின் குற்றம் என்ன? நிரூபணம் போதாது என்று சொன்னது குற்றமல்ல. போதாது என்றால் "இன்னும் தேடு" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்களோ "தேடாதே" என்றார்கள். 1616-ல் பூமி ஓடுகிறது என்ற கொள்கை வேதத்துக்கு விரோதம் என்று ஆணை பிறந்தது. கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தக் கொள்கையைக் கைவிடும்படி கலிலியோவை எச்சரிக்கும் பொறுப்பு பெல்லார்மினிடமே வந்தது.

1632-ல் கலிலியோ மூவர் பேசிக்கொள்வதுபோல் ஒரு நூல் வெளியிட்டார். பண்டிதர்களின் லத்தீனில் அல்ல, கடைத்தெருவில் பேசும் இத்தாலிய மொழியில்! வாசிக்கத் தெரிந்த எவனும் வழக்கைத் தானே விசாரிக்கலாம் என்று ஆனது. 1633 ஜூன் 22-ம் நாள், அறுபத்தொன்பது வயது முதியவரை முழந்தாளிட வைத்து, தம் கருத்தைத் துறப்பதாக வாசிக்கச் செய்தார்கள். "ஆனாலும் பூமி நகர்கிறது" என்று அவர் முணுமுணுத்தார் எனக் கதை சொல்வார்கள். அதற்கு அக்காலத்துச் சான்று கிடையாது. உண்மையில் நடந்ததே போதுமான துயரம். 1642-ல் இறக்கும்வரை அவர் வீட்டுக் காவலில் இருந்தார்.

பூமி என்ன செய்தது? ஆணையைப் படிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது!

நிரூபணம் மெல்ல வந்தது. மழையில் ஓடுகிறவன் குடையை முன்பக்கம் சாய்த்துப் பிடிப்பான் அல்லவா? அதுபோல, ஓடுகிற பூமியிலிருந்து பார்ப்பதால் நட்சத்திர ஒளி ஆண்டு முழுவதும் சற்றே சாய்ந்து சாய்ந்து வருவதை 1728-ல் பிராட்லி என்ற ஆங்கிலேயர் கண்டறிந்தார். அடுத்தது, ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் இடம் மாறுவதாகத் தோன்றும். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கமும் ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கமும் நிற்கும்போது ஒரு நட்சத்திரம் அப்படி இடம் மாறித் தெரிவதை 1838-ல் ஜெர்மானியரான பெசல் அளந்து காட்டினார்.

ரோமாபுரியும் படிப்படியாக இறங்கி வந்தது. 1758-ல் பொதுத் தடை பட்டியலிலிருந்து நீங்கியது. 1822-ல் அத்தகைய நூல்களை அச்சிட அனுமதி கிடைத்தது. 1835-ல் வெளிவந்த பட்டியலில் கோப்பர்நிக்கஸ், கலிலியோ நூல்களின் பெயர்கள் இல்லை. 1992-ல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், கலிலியோவை விசாரித்த இறையியலார் தவறு செய்தனர் என்பதை வெளிப்படையாக ஏற்றார். இன்று வத்திக்கானுக்கே சொந்தமாக வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. தீர்ப்புக்கும் ஒப்புதலுக்கும் இடையே 359 ஆண்டுகள்! தவறு செய்வது எளிது, திருத்திக்கொள்ள எத்தனை தலைமுறை பிடிக்கிறது பாருங்கள்.

மதுரைக்கும் ஒரு தொடர்பு

1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தமிழில் நூல்கள் எழுதிய தத்துவ போதகர் என்னும் ராபர்ட் டி நோபிலி, இதே பெல்லார்மினுக்கு உறவினர். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்துவுக்கு ஏற்குமா என்று நோபிலியின்மீது புகார் போயிற்று. முதலில் பெல்லார்மினும் மனம் வருந்தினார். பிறகு மதுரையிலிருந்து வந்த விளக்கங்களைப் படித்து மனம் மாறினார். 1623-ல் ரோமாபுரி நோபிலிக்கு அனுமதி அளித்தது. ஒரே காலம், ஒரே பீடம். மதுரை வழக்கில் இடத்திலிருந்து வந்த செய்தியைக் கேட்டது; கலிலியோ வழக்கில் கதவைச் சாத்தியது. ஆகவே கேட்கத் தெரியாத பீடம் என்று அதைச் சொல்ல முடியாது. விரும்பியபோது கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வட்டுக்கோட்டையில் கிரகணம்

தமிழர் மத்தியில் இந்த வழக்கு நேருக்கு நேர் வந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே வந்தவர்கள் கத்தோலிக்கர் அல்லர், அமெரிக்கப் புராட்டஸ்டண்டு மிஷனரிகள். 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவி, சூரியனை நடுவில் வைத்த புது வான சாஸ்திரத்தைக் கற்பித்தார்கள். ரோமாபுரியில் மதம் இந்தச் சாஸ்திரத்தைத் தடுத்தது. வட்டுக்கோட்டையிலோ ஒரு மதம் இன்னொரு மதத்தின்மேல் இதையே ஆயுதமாக வீசியது!

1829 மார்ச் 20-ம் நாள் சந்திர கிரகணம். பஞ்சாங்க கணிதத்தில் புகழ்பெற்ற விசுவநாத சாஸ்திரியாரின் கணக்குக்கும் செமினரித் தலைவர் டேனியல் பூவரின் கணக்குக்கும், கிரகணம் தொடங்கும் நேரத்தில் சுமார் கால் மணி வித்தியாசம். அன்றிரவு வானத்தைப் பார்த்தார்கள். பூவரின் கணக்கே பொருந்தியது. உடனே, "பஞ்சாங்கம் பிழைத்தது, ஆகவே உங்கள் சமயமும் பிழை" என்று பிரசாரம் எழுந்தது.

இது சரியான நியாயமா? இல்லை. பஞ்சாங்க கணிதர் ராகு பாம்பின் வாயை அளக்கவில்லை. அவர் கணக்குப் போட்டது சூரிய சந்திரர்களின் ஓட்டத்தை. அந்தக் கணக்கின் திறமைக்கு ஒரு சாட்சி உண்டு. 1825-ல் சென்னையில் வெளியான தம் நூலில் வாரன் என்பவர் எழுதியிருக்கிறார்: புதுச்சேரித் தமிழர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டு அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்னார். தொடக்கத்தில் நான்கு நிமிடம் பிழை, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். காகிதமில்லை, பேனாவில்லை! பூமியை நடுவில் வைத்த முறையிலும் கிரகணத்தை ஓரளவு கணிக்கலாம். ஆகவே ஒரு கிரகண வெற்றியால் சூரியன் நடுவில் இருப்பதும் நிரூபணமாகாது, சிவபெருமான் இல்லை என்பதும் நிரூபணமாகாது. பிழைத்தது பழைய வாய்பாடு. அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் திருத்தம்தான் நம்மிடையே வாக்கியம், திருக்கணிதம் என்று இன்றும் நிற்கிறது. சிராங்கூன் சாலைக் கடையில் இரண்டு பஞ்சாங்கம் வாங்கிப் பாருங்கள். சனிப்பெயர்ச்சி ஒன்றில் ஒரு நாள், மற்றொன்றில் வேறொரு நாள். எது சரி என்று கேட்டால் சண்டை வருகிறது. சனிக் கிரகமோ வானத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது!

ஆனாலும் வட்டுக்கோட்டையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இரு தரப்பும் கணக்கை முன்கூட்டியே சொல்லின. ஊரார் யாவரும் அண்ணாந்து பார்க்க முடிந்தது. யாரும் முழந்தாளிடவில்லை. பின்னாளில் அதே செமினரியின் ஹொய்சிங்டன், 1848-ல் தமிழர் சோதிட கணித நூலை மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் அச்சிட்டார். அங்கே படித்த கறல் விசுவநாதபிள்ளை தமிழிலேயே வீசகணிதம் எழுதினார். பகையாகத் தொடங்கியது பாடமாக வளர்ந்தது.

நமக்கு என்ன?

நான் கிராணி. வாளியில் வரும் பாலை நிறுக்கிறோம். பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆகவே ரப்பர் சத்து எவ்வளவு என்று பார்த்து, எடையோடு பெருக்கிப் பேரேட்டில் ஏற்றுகிறோம். அந்த எண்ணில்தான் ஒரு குடும்பத்தின் அரிசி இருக்கிறது. ஒரு தோட்டத்தில் ஓர் அம்மா, "தராசு முள்ளை நானும் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். "கணக்கு உனக்குப் புரியாது, நகர்ந்து போ" என்று பதில் வந்தது. மறுநாள் சங்கத்தார் பத்துப் பேர் தராசருகே வந்து நின்றார்கள். கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. முள் நின்ற இடத்தைப் பார்த்தார்கள். அது முதல் அங்கே எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறோம்.

அந்த அம்மாவுக்குக் கோப்பர்நிக்கஸைத் தெரியாது. ஆனால் கலிலியோ கேட்டதையே அவரும் கேட்டார்: "வந்து நீங்களே பாருங்கள், என்னையும் பார்க்க விடுங்கள்."

அதிகாரத்துக்கு எல்லை உண்டு. 1982 ஜனவரி முதல் தேதி சிங்கப்பூர்க் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளினார்கள். அது நாட்டு வசதிக்காக, தவறில்லை. ஆனால் உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு வராமல், ஒரு மணி சுமாருக்குத்தான் வருகிறது. ஆணை கடிகாரத்தைத் திருப்பும், சூரியனைத் திருப்பாது.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே. யார் எண்ணைச் சொன்னாலும், முதலாளி ஆனாலும், சங்கத் தலைவரே ஆனாலும், எப்படி வந்தது என்று மரியாதையோடு கேளுங்கள். நம்புகிறவரை ஏளனம் செய்யாதீர்கள், கேட்கிறவரை அடக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அறிவியலைத் தமிழிலும் சொல்லிக் கொடுங்கள். கடைத்தெரு மொழியில் எழுதியதால்தான் கலிலியோவின் நூல் மக்கள் கைக்கு வந்தது. நமக்குப் புரியும் மொழியில் கணக்கு இருந்தால்தான் அதை நாம் சரிபார்க்க முடியும்.