மொழியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

(அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில், குரல்வழிச் சேவைகளுக்கான தமிழ்த் தரவுப் பணியில் இருக்கும் மொழியியல் பட்டதாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உள்ளே வரும்போது வாசலிலேயே ஓர் அப்பா என்னை நிறுத்தினார். "மேடம், எம் பொண்ணு பி.ஏ. தமிழ் முடிக்கப் போறா. அடுத்து மொழியியல்தான் படிப்பேன்னு நிக்கிறா. அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டார். "உள்ளே வந்து உட்காருங்க ஐயா, அதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்" என்றேன். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவும் இதையேதான் கேட்டார். அரிசி மில்லில் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவர். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. "படிச்சுப் பார்க்கிறேம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். அது ஜூன் மாசம். அடுத்த ஜனவரியில் அவர் இல்லை.

அம்மா பெயரில் ஒரு 'ழ'

அப்பா போன பிறகு அம்மாவுக்கு விதவை உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தோம். அம்மா பெயரில் ஒரு 'ழ' உண்டு. ஆதார் அட்டையில் அந்த ழகரத்துக்கு ஆங்கிலத்தில் 'இசட்-ஹெச்' போட்டிருந்தார்கள். வங்கிப் புத்தகத்தில் வெறும் 'எல்'. "பெயர் பொருந்தவில்லை" என்று மனு திரும்பி வந்தது. திருத்தி, மறுபடி கொடுத்து, பணம் வந்து சேர நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசமும் எங்கள் வீடு கைமாற்றுக் கடனில்தான் ஓடியது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "எம் பேரு என்னன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அப்போது எம்.ஏ. மொழியியல் முதலாம் ஆண்டு. ஒலியியல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வாயின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, ழகரம் எப்படிப் பிறக்கிறது என்று காட்டினார். நாக்கு நுனி மேல்நோக்கி வளைகிறது, ஆனால் அண்ணத்தைத் தொடுவதில்லை. ஆங்கில நெடுங்கணக்கில் இந்த ஒலிக்கென்று தனி எழுத்து கிடையாது. அதனால் ஒருத்தர் 'இசட்-ஹெச்' என்பார், இன்னொருத்தர் 'எல்' என்பார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தப்பு அம்மா மேல் இல்லை. தட்டச்சு செய்த பையன் மேலும் இல்லை. எல்லாரும் பின்பற்றும் ஒரே ஒலிபெயர்ப்பு முறை இல்லாததுதான் சிக்கல்.

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது ஞாபகம் இருக்கும். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதில் பல கருத்துகள் எழுந்து, அந்த ஜூன் மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயரை எழுதுவது கூட அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. அதற்கும் ஒரு படிப்பு வேண்டும். அந்தப் படிப்புதான் மொழியியல்.

அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்?

மொழியியல் என்றால் பிழையில்லாமல் எழுதக் கற்றுத் தருவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பத்து மொழி பேசக் கற்றுத் தருவதும் இல்லை. மனுஷர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சுக்குள் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் துறை அது.

இப்போதே ஒரு சோதனை செய்யலாம். 'கல்', 'தங்கம்', 'மகன்' இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்க. மூன்றிலும் எழுத்து ககரம்தான். ஆனால் ஒலி ஒன்றா? சொல்லின் முதலில் அழுத்தமாக வருகிறது. 'ங்' பக்கத்தில் மென்மையாகிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவே இன்னும் தளர்ந்து, கிட்டத்தட்ட 'ஹ' மாதிரி ஆகிவிடுகிறது. யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் இந்த விதியை நீங்கள் ஒருநாளும் மீறுவதில்லை. இப்படி மறைந்திருக்கும் விதிகளை வெளியே எடுப்பதுதான் எங்கள் வேலை.

ஒலிகளைப் பற்றியது ஒலியியலும் ஒலியனியலும். சொல் எப்படி உருவாகிறது என்பது உருபனியல். வாக்கியம் பற்றியது தொடரியல். பொருள் பற்றியது பொருண்மையியல். ஊர், தொழில், வயது மாறும்போது பேச்சு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது சமூக மொழியியல். இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது.

"அவரு தவறிட்டாரு"

இப்போது வேலைக்கு வருகிறேன். நான் பார்ப்பது, போனில் பேசினால் புரிந்துகொண்டு பதில் சொல்லும் சேவைகளுக்குத் தமிழைத் தயார் செய்வது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குரல்வழிச் சேவையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிராமத்து அம்மா ஒருத்தர் போனை வாங்கிச் சொன்னார்: "பட்டாவுல எங்க வீட்டுக்காரர் பேரு இருக்கு. அவரு தவறிட்டாரு. எம் பேருக்கு மாத்தணும்." இயந்திரம் என்ன செய்தது தெரியுமா? 'தவறு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. "பெயரில் உள்ள பிழையைத் திருத்த எண் ஒன்றை அழுத்தவும்" என்றது. அந்த அம்மா இன்னொரு முறை, சத்தமாக, "தவறிட்டாருப்பா" என்றார். அதே பதில். போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் கெட்டிக்காரப் பொறியாளர்கள். ஆனால் அவர்கள் கொடுத்திருந்தது எழுத்துத் தமிழ். அதில் 'இறந்தார்' இருந்தது, 'காலமானார்' இருந்தது. வீட்டுக்காரரை இழந்த ஒரு பெண் அந்தச் சொல்லை வாயால் சொல்லத் தயங்குவாள் என்பது அதற்குத் தெரியாது. 'தவறிட்டாரு', 'போய்ச் சேர்ந்துட்டாரு', 'இப்ப இல்லைங்க' என்றுதான் சொல்வாள். இதற்கு நம் இலக்கணத்தில் மங்கலம் என்றே பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காகப் படித்தோமே, அதேதான். அதன் பிறகு பல வட்டாரங்களுக்குப் போய், ஒரே விஷயத்தை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று பதிவு செய்து சேர்த்தோம்.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இப்படி விலகி நிற்பதை மொழியியலில் இரட்டை வழக்கு என்கிறோம். சார்லஸ் ஃபெர்குசன் என்ற அறிஞர் 1959இல் எழுதிய கட்டுரையால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட கருத்து இது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுகிறோம். 'வந்துட்டிருக்கேன்', 'வந்துக்கிட்டு இருக்கேன்' என்று பேசுகிறோம். செல்போனுக்கு இந்த எல்லாமே புரிய வேண்டும். இல்லையென்றால் படித்தவருக்கு மட்டும்தான் சேவை போய்ச் சேரும்.

திறக்கும் வழிகள்

முதல் வழி, இப்போது சொன்ன கணினி மொழியியல். இயந்திர மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்குதல், எழுத்தைப் பேச்சாக்குதல், பிழைதிருத்தி எல்லாம் இதற்குள் வரும். ஒன்றிய அரசின் பாஷினி திட்டம் 2022இல் தொடங்கியது. சென்னை ஐஐடியில் உள்ள 'ஏஐ4பாரத்' குழுவும் இந்திய மொழிகளுக்காக வேலை செய்கிறது. தனியார் நிறுவனங்களிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் மொழியியல் மட்டும் போதாது. பைத்தான் நிரல் எழுதவும் கொஞ்சம் புள்ளியியலும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கற்பித்தலும் ஆய்வும். முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் யுஜிசி நெட் தேர்வை மொழியியல் பாடத்திலேயே எழுதலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேர்வானால் முனைவர் பட்டம் படிக்கும்போதே மாதாமாதம் பணம் வரும். எங்களை மாதிரிக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

மூன்றாவது, அகராதி, கலைச்சொல், மொழிபெயர்ப்பு. தமிழக அரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககம் 'சொற்குவை' தளத்தை நடத்துகிறது. போனிலேயே திறந்து பார்க்கலாம்.

நான்காவது, பழங்குடி மொழிகள். 2011 கணக்கெடுப்பின்படி, நாட்டில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளே 121. அந்தக் கணக்கில் வராத சின்ன மொழிகள் இன்னும் எத்தனையோ. நம் நீலகிரியில் தோடர், கோத்தர் பேசும் மொழிகளை 1930களில் எமனோ என்ற அமெரிக்க அறிஞர் வந்து ஆராய்ந்தார். தோடர் மொழியில் நாக்கு அதிரும் 'ர' ஒலி மட்டும் மூன்று விதம். பேசுவோர் குறைந்துவிட்ட அந்த மொழிகளைப் பதிவு செய்யவும், பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடம் தயாரிக்கவும் ஆட்கள் வேண்டும். அந்தச் சமூகத்துப் பிள்ளைகளே இதைப் படித்து வந்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேச்சு வராத குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் வேலைக்கு மொழியியல் எம்.ஏ. போதாது. அதற்குத் தனியாகப் பேச்சு, கேட்பியல் பட்டப்படிப்பு இருக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவும் வேண்டும். அதே மாதிரி, பள்ளித் தமிழாசிரியர் பணிக்கு மொழியியல் பட்டத்தை ஏற்பார்களா என்று அந்தந்த அறிவிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். படித்து முடித்த பிறகு அலைவதைவிட முன்னாடியே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே படிக்கலாம்?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் நாடறிந்தது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறைகள் உண்டு. வெளியே போகலாம் என்றால் ஹைதராபாத் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி இருக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியுஇடி முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1969இல் மைசூரில் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் ஆய்வுத் திட்டப் பணிகளும் வரும். எம்.ஏ. இரண்டு வருஷம். பெரும்பாலும் எந்தப் பட்டம் முடித்தவர்களும் சேரலாம். தமிழ் படித்தவர்தான் வர வேண்டும் என்று இல்லை.

பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியவில்லையா? 'ஸ்வயம்' தளத்தில் மொழியியல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். நாலு வகுப்பு போனில் பாருங்க, பிறகு முடிவெடுங்க.

கிளம்பும் முன் ஒரு வேலை

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. பெயரின் ஆங்கில எழுத்தும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்க. உதவித்தொகையோ முதல் பட்டதாரிச் சான்றோ கேட்டு இ-சேவை மையத்துக்குப் போகும்போது அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். அதனால் எந்த எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்வது என்று முதலில் வீட்டில் முடிவு செய்யுங்க. மதிப்பெண் சான்றிதழில் இருப்பதையே வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பின்னால் சிரமம் குறையும்.

இன்னொன்று. பாஷினியின் 'பாஷாதான்' பக்கத்தில் யார் வேண்டுமானாலும் தமிழில் வாக்கியங்களைப் படித்துத் தங்கள் குரலைக் கொடுக்கலாம். உங்க பாட்டி, தாத்தாவையும் பேச வையுங்க. அவர்கள் குரல் உள்ளே போனால்தான் நாளைக்கு அவர்கள் பேசுவது இயந்திரத்துக்குப் புரியும்.

மூன்றாவது வரிசை ஐயாவுக்கு என் பதில் இதுதான். படித்த மறுநாளே வேலை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கே முதல் வேலை கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இடையில் கணினி கற்றுக்கொண்டேன், அகராதி வேலைக்குக் கூலிக்குச் சொல் தொகுத்தேன். ஆனால் உங்க பொண்ணு நின்று பிடித்தால், இந்த வேலைக்கு ஆள் தேவை இருக்கிறது. போன மாசம் அம்மா ஊரிலிருந்து போன் பண்ணினார். குரல்வழிச் சேவையில் பேசிப் பார்த்தாராம். "நான் சொன்னது அதுக்குப் புரிஞ்சுதுடி" என்றார். அப்பாவுக்கு அன்றைக்குச் சொல்ல முடியாத பதில் அதுதான்.