உற்றறிதலும் ஊகித்தலும்: ஜொகூர் மண்ணில் ஓர் அறிவியல் பாடம்



2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாளை ஜொகூரில் வாழும் நாம் எளிதில் மறக்க இயலாது. பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டிருந்தது அன்று தெரியவந்தது. அதிலிருந்து எழுந்த நச்சாவி ஆற்றை அடுத்திருந்த பள்ளிகளுள் புகுந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் மூச்சுத்திணறினர். சில நாட்களுக்குள் மருத்துவ உதவி நாடியோர் ஆயிரக்கணக்கில் பெருகினர். மார்ச் 13இல் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூடும்படி கல்வியமைச்சு உத்தரவிட்டது.

இதற்குப் பிறகும் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லலாமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே என் விடை. எதைத் தொடுவது, எதைத் தொடாதிருப்பது, கண்டதை எவ்வாறு எழுதுவது என்னும் மூன்றையும் கற்பித்தே அழைத்துச் செல்ல வேண்டும். இன்றைய உரை இம்மூன்றையும் பற்றியது.

நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் செயற்பாங்குத் திறன்கள் என்றொரு பகுதி உண்டு. உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல் என்று அது தொடரும். மாணவர்கள் இப்பெயர்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால், "ஆற்றுநீர் கறுத்திருக்கிறது" என்பது உற்றறிதல். "யாரோ கழிவைக் கொட்டியிருக்கிறார்கள்" என்பது ஊகித்தல். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதலாகாது என்பதைக் கைவேலையின்றி உணர்த்துவது கடினம். அதற்குச் செலவற்ற மூன்று செயல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, போத்தலில் மண். தெளிவான போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்திற்குள் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் வண்டல் அதன்மேல் படியும். களி மறுநாள்வரைகூட நீரிலேயே மிதந்து கலங்கலாக நிற்கும். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் அந்த மண்ணின் இயல்பு எண்ணாக வெளிப்படும். மணல், வண்டல், களி ஆகிய மூன்றும் உழவர் நாவில் வழங்கிவந்த பழந்தமிழ்ச் சொற்கள். இங்கே துகளின் பருமனைக் குறிக்கும் அறிவியல் சொற்களாகவும் அவை நிற்கின்றன.

மண் தேர்விலும் ஜொகூர் நமக்கு வாய்ப்பளிக்கிறது. தோட்டப்புறச் செம்மண்ணையும் தெசாரு கடற்கரை மணலையும் பொந்தியான் வட்டாரக் கரிய சதுப்பு மண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மலாய் மொழியில் 'தானா கம்புட்' எனப்படும் அச்சதுப்பு மண், நீரில் மூழ்கிய தாவரங்கள் முற்றாக மட்காமல் காலங்காலமாகச் சேர்ந்து உருவானது, அமிலத்தன்மை மிக்கது. போத்தலில் அதன் நார்கள் பல மேலே மிதக்கும். நீர் தேநீர் நிறமாகும். அந்த அமில மண்ணைத் தாங்கி வளரும் பயிர் அன்னாசி. அவ்வட்டாரத்துப் பெக்கான் நானாஸ் என்னும் ஊர்ப்பெயருக்கு அன்னாசிப் பட்டணம் என்பதே பொருள். ஊரின் பெயர்க் காரணத்தை மாணவர் ஒரு போத்தலுக்குள் காண்கிறார்.

இரண்டாவது, மழைமானி. நேர்ப்பக்கமுள்ள நெகிழிப் போத்தலின் மேற்பகுதியை வெட்டிப் புனல்போலக் கவிழ்த்துச் செருகுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் சிறு கற்களிட்டு, அவை மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த நீர்மட்டத்தைச் சுழியமாகக் குறியுங்கள். கூரைக்கும் மரத்திற்கும் எட்டத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து, மீண்டும் சுழியக் கோட்டிற்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். அவ்வாறாயின் 4,000 சதுர மீட்டர் பரப்புள்ள பள்ளித் திடலில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200,000 லிட்டர். இக்கணக்கைத் தாமே போட்ட மாணவர், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் இருமுறை வெள்ளத்தில் மூழ்கிய வரலாற்றை வேறு கண்ணோடு படிப்பார். ஒரு திடலில் இவ்வளவு என்றால் ஜொகூர் ஆற்றின் வடிநிலம் முழுவதும் எவ்வளவு என்று அவரே கேட்பார். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நவம்பரில் குறிப்பேட்டைத் திறந்து மார்ச்வரை எழுதச் செய்யுங்கள். மழையில்லாத நாளிலும் சுழியம் என்று எழுத வேண்டும். இல்லாமையையும் பதிவு செய்வது அறிவியல் ஒழுக்கத்தின் முதற்பாடம்.

மூன்றாவது, ஆறு. இங்கே மாணவர் கை நீரில் படலாகாது. வெள்ளம் வடிந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். ஆலைப்பகுதி ஆறுகளில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. இயல்புக்கு மாறான நெடி வந்தால் முகர்ந்து பார்க்க நில்லாமல் உடனே விலகி, ஆசிரியர் வழியாக உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற நாட்களில் ஆசிரியர் கையுறையணிந்து, கயிறு கட்டிய வாளியால் நீர் எடுக்கட்டும். வெள்ளைத் தாளில் கறுப்புச் சிலுவைக்குறி வரைந்து, அதன்மேல் கண்ணாடிக் குவளையை நிறுத்தி, குறி மறையும்வரை நீரை ஊற்றி உயரத்தை அளக்கட்டும். மாணவர்கள் எட்ட நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். மழைக்கு முன்னும் பின்னும் அவ்வாறு செய்தால், மரம் அகற்றப்பட்ட சரிவிலிருந்து மண் எவ்வாறு ஆற்றுக்கு வருகிறது என்னும் விவாதம் வகுப்பில் தானே எழும். தொடாமல் அறிவதும் செய்முறைக் கல்வியே.

ஆசிரியர்களே, 2003 முதல் சில ஆண்டுகள் நம் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பின்னர் பாடநூல் தமிழுக்குத் திரும்பியது. மாணவரின் குறிப்பேடும் தமிழில் வாழ்கிறதா என்பதே என் கவலை. அச்சிட்ட பயிற்சித்தாளில் விடுபட்ட இடத்தை ஒரு சொல்லால் நிரப்புவது எழுத்தாகாது. "காலை 8 மணி. மழை 32 மில்லிமீட்டர். வாய்க்கால் நீர் செம்மண் நிறம். நேற்றுத் தெளிவாக இருந்தது. மேட்டில் தோண்டிய மண் கரைந்திருக்கலாம் என ஊகிக்கிறேன்." இப்படி ஐந்து வரி எழுதும் பிள்ளைக்கு அறிவியலும் தமிழும் ஒருசேர வாய்த்துவிட்டன. கண்டது எது, கருதியது எது என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல் அதற்கு வந்துவிட்டது.

ஓர் ஆறு கெடும்போது அதற்காகப் பேச நாளும் அளவும் குறித்த பதிவு வேண்டும். நேற்று எப்படி இருந்தது என்று எழுதி வைத்தவரே இன்று மாறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். அப்பதிவைத் தொடங்க ஒரு போத்தலும் ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் போதும். அடுத்த திங்கட்கிழமை உங்கள் பள்ளித் திடலில் முதல் அளவு எடுக்கப்படுமானால், இவ்வுரை பயன்பெற்றதாகக் கொள்வேன்.