மேல் வீட்டு நீர்க்கசிவும் சட்டம் காட்டும் வழியும்



தோட்டத்து லயத்து வீட்டில் கூரை ஒழுகினால் வாளியை வைத்தோம். மழை விட்டதும் மறந்தோம். இன்று பலர் ஊழியர் சேமநிதிப் பணத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறோம். அங்கே மழையில்லாத நாளிலும் மேல் வீட்டுக் குளியலறை நீர் சொட்டுகிறது. என் பழைய மாணவி ஒருத்தி, "சொன்னால் சண்டை வரும், சார்" என்று ஈராண்டு பொறுத்திருந்தாள். ஒரு நாள் மேற்பூச்சு பெயர்ந்து பிள்ளையின் கட்டிலில் விழுந்தது. நல்ல வேளை, பிள்ளை பள்ளியில் இருந்தான்.

சண்டை வேண்டாம், சட்டம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டமும், அதன்கீழ் 2015இல் வந்த விதிகளும் இதற்கு வழி சொல்கின்றன.

முதலில், ஈரம் படிந்த இடத்தைப் படமெடுத்துத் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்து, நிர்வாகத்திற்குக் கடிதம் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். 7 நாளில் அவர்கள் சோதிக்க வேண்டும்; சோதனை முடிந்த 5 நாளில் காரணம் கூறும் சான்றிதழ் தர வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, குறை மேல் வீட்டில்தான் என்று சட்டம் கொள்கிறது. பொறுப்பு மேல் வீட்டாருடையது என்றால், சான்றிதழ் பெற்ற 7 நாளில் அவர் சீர்செய்ய நடவடிக்கை எடுக்க வேண்டும். தவறினால் நிர்வாகமே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கும். பொதுக் குழாயில் பழுதென்றால் பொறுப்பு நிர்வாகத்துடையது.

எவரும் அசையாவிட்டால், ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றத்தை நாடலாம். 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை.

மேல் வீட்டாரிடம் இன்முகத்தோடு பேசுங்கள். அன்றே கடிதமும் எழுதுங்கள். உறவும் நிலைக்கும், உரிமையும் நிலைக்கும்.