ஓலையும் படியும்

பழைய மெசப்பொத்தேமியாவில் களிமண் பலகையில் எழுதினார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசுர்பனிபால் நினிவே நகரில் திரட்டிய நூலகம் இத்தகைய பலகைகளால் ஆனது. கி.மு. 612இல் பகைவர் நகரைத் தீக்கிரையாக்கியபோது பலகைகள் பல உடைந்தன. ஆனால் சூளையில் வெந்த ஓடுபோல் இறுகிப்போய் மண்ணுக்குள் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோண்டி எடுக்கப்பட்டபோதும் எழுத்து அப்படியே இருந்தது. துண்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 30,000 பலகைகள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. கில்காமேஷ் காவியத்தின் பெரும்பகுதி உலகுக்குத் திரும்பக் கிடைத்தது இவற்றிலிருந்துதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் காக்கவில்லை, மண்ணே காத்தது.

தமிழ் நூல்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. அவை பனையோலையில் வாழ்ந்தவை. பதமான ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, நீரில் வேகவைத்து உலர்த்தி, தேய்த்து மெருகேற்றுவார்கள். எழுத்தாணியால் கீறி எழுதியபின் மஞ்சளும் விளக்குக் கரியும் இலைச் சாறும் கலந்து பூசித் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். துளையிட்டு, கயிற்றில் கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி. ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் அதற்குப் பகை. நன்றாகப் பேணினாலும் சில நூறு ஆண்டுகளில் ஓலை நொறுங்கிவிடும். அப்படியானால் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சங்கப் பாட்டு இன்று கையில் இருப்பது எப்படி? ஓலை நொறுங்கும் முன் யாரோ அதைப் புதிய ஓலையில் பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். அதுவும் நொறுங்கும் முன் இன்னொருவர் எழுதியிருக்கிறார். தமிழில் நூலகம் என்ற சொல்லுக்கு முதல் பொருள் இந்தப் படியெடுக்கும் வேலைதான் என்று கொள்ள வேண்டும்.

அது எளிய வேலை அன்று. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு காட்டுவதில்லை. ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஏட்டில் ஒன்றே. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்பிரிப்பும் இல்லை. பாட்டின் பொருளும் யாப்பும் தெரியாதவர் படியெடுத்தால் பிழை அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். ஆகவே எழுதுபவர் முதலில் நல்ல வாசகராக இருக்க வேண்டியிருந்தது. பல சுவடிகளின் இறுதியில் எழுதி முடித்த ஆண்டும் மாதமும் எழுதியவர் பெயரும், பிழை பொறுக்கும்படி ஒரு வேண்டுகோளும் காணப்படுகின்றன. இலக்கிய வரலாறு அதிகம் பேசாத இந்த மனிதர்களுக்குத் தமிழ் பட்டிருக்கும் கடன் பெரிது.

படியெடுப்பதற்கென்று இடங்களும் இருந்தன. சிதம்பரம் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் ‘சரஸ்வதி பண்டாரம்’ என்னும் ஏட்டுச்சாலையைக் குறிக்கின்றன. பின்னர்த் திருவாவடுதுறை முதலிய மடங்களும் புலவர் குடும்பங்களும் அப்பணியைச் செய்தன. தஞ்சையில் நாயக்கர் காலத்தில் தொடங்கிய அரண்மனை ஏட்டுத் தொகுதியை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி பெரிதாக்கினார். 1918இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றைய சரசுவதி மகால் நூலகம் அதுவே.

சங்கிலி அறுந்த இடங்களும் உண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எழுபது பரிபாடல்களில் முழுமையாக எஞ்சியவை 22. வளையாபதியும் குண்டலகேசியும் சில செய்யுள்களாகச் சுருங்கிவிட்டன. இவற்றை அழிக்கப் படையெடுப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. படிப்பவர் குறைந்த இரண்டு மூன்று தலைமுறைகள் போதும். பழுதான ஏட்டைக் கண்ட இடத்தில் போடலாகாது என்று ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவதும் வேள்வித் தீயில் இடுவதும் வழக்கமாக இருந்தது. கரிவலம்வந்தநல்லூரில் ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையர் கேட்டது, அவை தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியைத்தான். புதிய படி எழுதிய பிறகு பழையதை விடுவது பொருளுள்ள வழக்கம். எழுதுவது நின்றுபோய், ஆற்றில் விடுவது மட்டும் நீடித்ததுதான் பேரிழப்பு.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. ஆயினும் அச்சு நெடுங்காலம் பாதிரிமார் கையிலும் அரசின் கையிலுமே இருந்தது. 1835இல் இந்தியர் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள வழி பிறந்தபின் ஏடுகள் அச்சேறும் வேகம் கூடியது. ஆறுமுக நாவலரும் சி.வை.தாமோதரம்பிள்ளையும் முன்னே சென்றனர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சாமிநாதையரிடம் கேட்டார். ஏழாண்டு உழைப்புக்குப்பின் 1887இல் அந்நூல் அச்சில் வந்தது. ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டுவது, பாடங்களை ஒப்பிடுவது, பொருந்துவதைத் தேர்ந்து மற்றவற்றையும் குறித்து வைப்பது என்று அவர் செய்தது பழைய படியெடுப்பின் கடைசிப் படி. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. ஒரே ஓலையை நம்பியிருந்த பாட்டு நூற்றுக்கணக்கான கைகளுக்குப் போனது.

அச்சுப் புத்தகத்தை எல்லார் கைக்கும் கொண்டுபோகும் வழியைச் சீர்காழியில் பிறந்த சீ.இரா.அரங்கநாதன் வகுத்தார். அவருடைய ஐந்து நூலக விதிகள் 1931இல் நூலாயின. அதே ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதலாவது.

அரங்கநாதன் ஆலோசனை கூறிய நூலகங்களுள் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஒன்று. 1933இல் க.மு.செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சி வளர்ந்து, 1959இல் அழகிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய தீ ஏறத்தாழ 97,000 நூல்களை விழுங்கியது. நினிவேயின் தீ எழுத்தைச் சுட்டு இறுக்கியது. இங்கே தாளும் ஓலையும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் வாங்கவும் கொடையாகப் பெறவும் முடிந்தது. அங்கு மட்டுமே இருந்த ஏடுகளுக்கு அந்த வழி இல்லை. எரிந்தவற்றுள் மனத்தை மிகவும் அறுப்பவை அவையே.

2005இல் தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்தில் வெளியான நூல்களையும் இதழ்களையும் வருடி எடுத்து எவரும் படிக்கும்படி வைக்கிறார்கள். வீடுகளில் எஞ்சிய ஓலைச் சுவடிகளும் ஏடு ஏடாக அங்கே படியெடுக்கப்படுகின்றன.