ஒரு துயர நட்பின் கதை

1895இல் நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டு தன்பாலுறவுக் குற்றச்சாட்டில் கைதானதும், இலண்டன் அரங்குகள் விளம்பரங்களிலிருந்து அவர் பெயரை நீக்கின. நாடகங்கள் மட்டும் சிறிதுகாலம் நடந்தன. 1900இல் பாரிசில் அவர் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், ராபர்ட் ஷெரார்டு எழுதிய நினைவுநூல் தனிச்சுற்றாக அச்சேறியது. பெயரே 'ஒரு துயர நட்பின் கதை'. வேர்ட்ஸ்வொர்த்தின் கொள்ளுப்பேரரான ஷெரார்டு, 1883 முதல் வைல்டின் தோழர். சிறைக்கும் சென்று கண்டவர்.

வைல்டு தமக்கு எழுதிய கடிதங்களைப் பிரெஞ்சு ஏடொன்றில் வெளியிட ஆல்பிரட் டக்ளஸ் முனைந்தபோது, சிறையிலிருந்தவரிடம் அதனைத் தெரிவித்தவரும் இவரே. வைல்டு உடனே தடுக்கச் சொன்னார். அன்று அந்தரங்கத்துக்குக் காவல் நின்றவர், பின்னர்த் தாமே எழுதத் துணிந்தார். இசைவு கேட்க நண்பர் உயிரோடில்லை. ஆயினும், அப்பெயரை உச்சரிக்கவே நாக்கூசிய காலத்தில் வாளாவிருப்பதும் ஒருவகைக் கைவிடலே அன்றோ?

1916இல் பிராங்க் ஹாரிஸ் நியூயார்க்கில் தாமே பதிப்பாளராகி, வைல்டு வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார். சுவைக்குக் குறைவில்லை, உரையாடல்கள்தாம் மேடைக்கென எழுதியவைபோல் ஒலிக்கின்றன. வெட்டித் திருத்தப் பதிப்பாசிரியர் ஒருவர் இல்லாத குறை அது. ஹாரிசை மறுத்து, முதுமையிலும் ஷெரார்டு தனியே ஒரு நூல் எழுதினார்.