நுணுக்குக்காட்டியிலிருந்து போர்க்களத்துக்கு



போரின் பெருமையைப் பேச நாம் இங்கு வரவில்லை. போர் என்றால் என்னவென்று எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. படித்த பெண்ணொருத்தி தன்மீது விழுந்த பொறுப்பை எவ்வாறு சுமந்தார் என்பதையே நினைவுகூர விரும்புகிறோம்.

ஹெலன் குவின்-வோன் 1879இல் பிறந்தவர். பங்கசுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தவர். 1909இல் இலண்டன் பேர்க்பெக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குத் தலைவியானார். 1915இல் கணவரை இழந்தார். 1917இல் பிரித்தானிய இராணுவம் தனது முதலாவது பெண்கள் படைப்பிரிவை அமைத்தபோது, பிரான்சில் அதற்குத் தலைமை தாங்கும் பொறுப்பை ஏற்றார்.

சமையல், எழுதுவினைஞர் வேலை போன்றவற்றைப் பெண்கள் பொறுப்பேற்றால் ஆண்களைப் போர்முனைக்கு அனுப்பலாம் என்பதே திட்டம். ஆனால் பெண்களுக்கு இராணுவ அதிகாரிப் பதவிப்பெயர் கொடுக்க அரசு சம்மதிக்கவில்லை. "கட்டுப்பாட்டாளர்" என்றே அழைத்தது. அதிகாரியின் சுமை இருந்தது, அதிகாரி என்ற பெயர் மட்டும் இல்லை.

அதைவிடக் கொடியது ஊர்வாய். வீட்டைவிட்டுப் போன பெண்களின் நடத்தை பற்றி இங்கிலாந்து எங்கும் வதந்தி பரவியது. 1918இல் விசாரணைக் குழுவொன்று பிரான்சுக்கே சென்று பார்த்து, அவை ஆதாரமற்றவை என அறிவித்தது.

அவ்வாண்டு மே மாத இறுதியில், அப்வில் நகர முகாம்மீது விழுந்த குண்டினால் பதுங்குகுழியில் இருந்த ஒன்பது பெண்கள் இறந்தனர். பெண்களைக் கொன்றுவிட்டார்களே என்று பத்திரிகைகள் கொதித்தன. ஹெலனோ, படைவீரரின் இடத்தை ஏற்றவர்களுக்குப் படைவீரரின் ஆபத்தும் உரியதே என்ற கருத்தில் பதிலளித்தார். கேட்கக் கடினமான பதில்தான். ஆனால் இறந்தவர்களுக்கு அவர் கேட்டது இரக்கத்தை அல்ல, மதிப்பை.

போருக்குப் பின்னர் கல்லூரிக்குத் திரும்பி, 1921இல் பேராசிரியையானார். 1939இல், அறுபது வயதில், இராணுவத்தின் புதிய பெண்கள் பிரிவுக்கு முதலாவது பணிப்பாளராக மீண்டும் அழைக்கப்பட்டார். 1941இல் அப்பிரிவுக்கு முழு இராணுவ அந்தஸ்து கிடைத்தது. அதே ஆண்டு பதவியை விட்டுத் தம் மாணவர்களிடமே திரும்பினார்.

சகோதரிகளே, வெளியே வேலைக்குப் போகும் பிள்ளையைப் பற்றி ஊர் கதைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கூடச் சேர்ந்து கதைக்கிறோமா, நேரில் போய்ப் பார்த்து உண்மையைச் சொல்கிறோமா? நூறு ஆண்டு கண்ட இப்பாடசாலையின் பிள்ளைகள் இரண்டாவதைச் செய்பவர்களாக இருப்போம்.